இளமஞ்சளில் ஓர் ‘இல்லை’

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. வெற்றிடத்தைக் கண்டால் அதற்குப் பொறுக்காது. ஒரு பக்கத்தில் நாலு வரி கறுப்பாக, சாதுவாக, போதிய இடம் விட்டு உட்கார்ந்திருந்தால் ‘ஐயோ பாவம், யாருமே கவனிக்கவில்லையே’ என்று அந்த இனத்துக்கு மனம் இளகிவிடும். உடனே முதல் வரியைச் சிவப்பாக்கி, இரண்டாவதைப் பச்சையாக்கி, மூன்றாவதைத் தடித்த எழுத்தில் போட்டு அடியில் கோடும் இழுத்து, நாலாவது வரி சும்மா நிற்பது பிடிக்காமல் அதை வலமிருந்து இடமாக ஓடவிட்டு, மிச்சமிருக்கும் மூலையில் சிறகடிக்கும் ஒரு வண்ணத்துப்பூச்சியையும் உட்கார்த்தி வைத்த பிறகுதான் அதற்குச் சாப்பாடு இறங்கும். ஜோடனைக்காரர் என்று இவருக்குப் பெயர் வைக்கலாம். முன்பெல்லாம் இவர் அலுவலக அறிவிப்புப் பலகையோடு நின்றுகொண்டார்; சேதமும் அந்தத் தாழ்வாரத்தோடு நின்றது. இப்போது இணையதளம் வந்துவிட்டது. உலகமே அவருக்குத் தாழ்வாரம்.

உங்களுக்கு இவரைத் தெரியும். பல் வலியோடு ஒரு மருத்துவமனையின் பக்கத்தைத் திறக்கிறீர்கள். முதலில் பாட்டுக் கேட்கிறது. பாட்டை எங்கே நிறுத்துவது என்று தேடுவதற்குள் ‘வருக வருக’ என்று ஒரு பெட்டி குதித்து வந்து மொத்தத்தையும் மறைக்கிறது. அந்தப் பெட்டியை மூடும் பெருக்கல் குறியை எறும்பின் கண் அளவுக்கு வைத்து, அதற்குப் பின்னணியின் நிறத்தையே கொடுத்திருக்கிறார். எப்படியோ மூடிவிட்டு உள்ளே போனால், கோடு போட்ட இடத்தையெல்லாம் அழுத்திப் பார்க்கிறீர்கள், எதுவும் திறப்பதில்லை; கோடே போடாத ஒரு மூலையில் தெரியாமல் விரல் பட்டதும் மருத்துவமனையின் ஆண்டறிக்கை இறங்கத் தொடங்குகிறது. பல் வலி என்னவாயிற்று? மறந்தே போயிற்று. ஒருவகையில் இதுவும் வைத்தியம்தான்.

இப்படிப் பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் யாருக்கும் உறைக்காது; எல்லோரும் அவரவர் மேலதிகாரியை நினைத்துக்கொண்டு சிரிப்பார்கள். ஆகவே ஒருவரைக் கையும் களவுமாகப் பிடித்துக்கொள்வோம்.

ஒரு பொது நூலகம். அதில் அலுவலக மேலாளர் ஒருவர். வயது ஐம்பத்திரண்டு. சட்டைப்பையில் நாலு நிறத்தில் நாலு பேனா. நேரில் இருந்தால் ‘சார்’ என்பார்கள்; முதுகைத் திருப்பினால் ‘ஜிகினா’ என்பார்கள். நூலகத்துக்கு ஓர் இணையதளம் வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தபோது, கலர் பிரின்டரில் சிக்கிய காகிதத்தை எடுக்கத் தெரிந்த ஒரே ஆள் இவர்தான் என்ற தகுதியில் இவரிடம் அதைக் கொடுத்தார்கள். இருபத்தாறு வருடமாக வருகைப் பதிவேட்டையும் விடுப்பு விண்ணப்பங்களையும் கட்டிக்கொண்டு அழுத மனிதருக்கு, முதல் தடவையாகச் சொந்தமாக ஒரு ராஜ்யம் கிடைத்தது. காலையில் வந்ததும் அவருடைய முதல் வேலை, பக்கத்தைத் திறந்து ‘நீங்கள் எங்கள் 4018ஆவது விருந்தினர்’ என்று கீழே மின்னும் எண்ணைப் பார்ப்பது. பார்த்துவிட்டு மூடுவார். மறுபடி திறப்பார். எண் ஏறியிருக்கும். “ஜனங்க வந்துட்டே இருக்காங்க” என்று பக்கத்து மேஜைக்குக் கேட்கும்படி சொல்வார்.

அந்த ராஜ்யத்தின் சட்டதிட்டங்கள் தனி. எழுத்துகளுக்கு நடுவே இடம் விட்டால் கம்பீரம் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அவர் விட்ட இடத்தில் ‘வேலை நேரம்’ என்ற தலைப்பின் கொம்புகள் ஒரு பக்கமும் எழுத்துகள் ஒரு பக்கமுமாக, கோபித்துக்கொண்ட தம்பதி மாதிரி விலகி நின்றன. வரிகளின் இரண்டு ஓரமும் சமமாக இருந்தாக வேண்டும் என்று பிடித்து இழுத்ததில், சில வரிகளில் இரண்டே சொற்கள். நடுவில் ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கலாம். ஒரு ஆச்சரியக்குறி போதாது, மூன்று. ஒரு எழுத்துரு போதாது, ஏழு. மூலையில், ஆம், சிறகடிக்கும் அந்த வண்ணத்துப்பூச்சியும் உண்டு. தொலைபேசி எண்ணை ஓடும் எழுத்தில் போட்டிருந்தார். நிற்கிற எண்ணை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

நூலகத்தில் கிழிந்த புத்தகங்களைத் தைத்து ஒட்டிச் சரிசெய்யும் அம்மாள் ஒருவர் இருந்தார். சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் பைண்டிங் அக்கா. ஒருநாள் அவர் தன் பழைய போனில் இந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கையில் பென்சிலோடு அசையாமல் உட்கார்ந்திருப்பதை ஜிகினா பார்த்தார்.

“என்னம்மா பண்றீங்க?”

“என் நாத்தனார் நம்ம நூலக நம்பர் கேட்டா சார். முதல் ஆறு எழுதிட்டேன். மிச்சம் நாலு அடுத்த சுத்துல வரும்னு காத்திருக்கேன்.”

“கண்ணை எப்படி இழுக்குது பாத்தீங்களா!”

“இழுக்குது சார். கையிலதான் சிக்க மாட்டேங்குது.”

இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு ஜிகினா மகிழ்ச்சியோடு நகர்ந்தார். இந்த இனத்தின் காதுக்கு ஒரு தனி அமைப்பு உண்டு. எது போனாலும் உள்ளே பாராட்டாகத்தான் போய்ச் சேரும்.

இந்த நிலையில் நூலகத்துக்கு வர்ணம் பூசும் வேலை வந்தது. அலமாரிகளைச் சுவரிலிருந்து கழற்றி, கூடத்தின் நடுவே நகர்த்தி, தார்ப்பாய் போட்டு மூடினார்கள். புத்தகங்களைப் பெட்டி பெட்டியாகக் கட்டிப் பைண்டிங் அக்காவின் அறையில் கூரை வரைக்கும் அடுக்கினார்கள். அக்காவுக்கு மிஞ்சியது ஒரு முக்காலியும், அதைச் சுற்றி அவர் உட்கார்ந்தபடியே திரும்பும் அளவுக்கு இடமும்தான். வாசகர்கள் வீட்டுக்கு எடுத்துப் போயிருந்த புத்தகங்கள் இரண்டாயிரத்துச் சொச்சம். அதில் பத்து திரும்பி வந்தாலும் வைக்க இடமில்லை.

தலைமை நூலகர் ஜிகினாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அந்த அம்மாள் குரலை உயர்த்திப் பேசியதை யாரும் கேட்டதில்லை. உயர்த்தாமலே காரியம் நடந்துவிடும்.

“சார், இந்த வாரம் யாரும் புத்தகத்தைத் தூக்கிட்டு வந்துடக் கூடாது. இதோ, நானே எழுதிட்டேன். இதை அப்படியே போட்டா போதும்.”

துண்டுச் சீட்டில் இரண்டு வரி: நூலகத்தில் வர்ணம் பூசுகிறார்கள். இந்த வாரம் புத்தகங்களைத் திருப்பித் தர வேண்டாம்.

“போட்டுடறேன் மேடம். கொஞ்சம் மெருகேத்தி...”

“மெருகு சுவருக்குப் போதும் சார். உங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன். போன மாசம் விடுமுறை அறிவிப்பு யாருக்கும் புரியல. அதுக்கு முந்தின மாசம் நேர மாற்றம் யார் கண்ணுக்கும் தெரியல. இந்த ஒரு அறிவிப்பு மட்டும் ஒழுங்கா போய்ச் சேரலைன்னா, பக்கத்தை வேற ஆள்கிட்ட குடுத்துடுவேன்.”

 இணையப் பக்கம் கையைவிட்டுப் போனால் ஜிகினாவுக்கு மறுபடியும் விடுப்பு விண்ணப்பம்தான். ‘உடல்நலக் குறைவு காரணமாக’ என்று தொடங்கும் ஆயிரம் பொய்களுக்கு நடுவே ஓய்வு பெறும் வரை காலம் தள்ள வேண்டும். தன் திறமை முழுவதையும் இந்த ஓர் அறிவிப்பில் காட்டிவிடுவது என்று அவர் தீர்மானித்தார். இப்படிப்பட்டவர்கள் திறமையைக் காட்டத் தீர்மானிக்கும் நாளில் நாம் வெளியூர் போய்விடுவது நல்லது.

சீட்டை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் குறையே ‘வேண்டாம்’ என்ற சொல். ஒரு பொது நிறுவனம் ஜனங்களைப் பார்த்து முகத்தில் அறைந்த மாதிரி வேண்டாம் என்று சொல்லலாமா? மரியாதை என்று ஒன்று இல்லையா? அடித்து அடித்து எழுதியதில் கடைசியில் வாக்கியம் இப்படி மலர்ந்தது: ‘உங்களிடம் உள்ள எல்லாப் புத்தகங்களையும் இந்த வாரமே திருப்பித் தருவது அவசியம் இல்லை என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்!!!’ வர்ணம் பூசுவதைப் பற்றிய வரி அழகைக் கெடுத்ததால் அதை எடுத்துவிட்டார்.

அடுத்தது நிறம். முதல் பாதிக்குச் சிவப்பு, பெரிய எழுத்து. ‘அவசியம்’ என்பது கனமான சொல். அது விட்டு விட்டு மின்னட்டும். ‘மகிழ்ச்சியுடன்’ என்பதற்குப் பச்சை. மகிழ்ச்சி வேறு எந்த நிறத்தில் இருக்கும்? நடுவில் மாட்டிக்கொண்டு நின்றது ‘இல்லை’. அதைச் சிவப்பில் போட்டுப் பார்த்தார். மிரட்டுவது போல இருந்தது. நீலத்தில் போட்டார், துக்கச் செய்தி போல இருந்தது. காலங்காத்தாலே ஒரு மனிதர் பக்கத்தைத் திறக்கிறார், அவர் கண்ணில் ‘இல்லை’ என்ற சொல்லா அடிப்பது? இருக்கட்டும், ஆனால் இருப்பது தெரியாமல் இருக்கட்டும். எழுத்தைச் சிறிதாக்கினார். வெள்ளைப் பின்னணியின் மேல் அதற்கு இளமஞ்சள் கொடுத்தார்.

ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, தன்னுடைய பெரிய கம்ப்யூட்டரின் முன்னால் முகத்தை முன்னுக்கு நீட்டிப் பார்த்தார். நன்றாகத்தான் தெரிந்தது. எங்கே இருக்கிறது என்று தெரிந்தவருக்கு எதுவும் நன்றாகத்தான் தெரியும்.

அந்த வழியாகப் போன பைண்டிங் அக்கா எட்டிப் பார்த்தார். “சார், போடறதுக்கு முன்னாடி என் போன்ல ஒரு தடவை பாத்துடட்டுமா?”

“இதைப் போய் யாராவது போன்ல பாப்பாங்களா? இதையெல்லாம் பெரிய திரையில, நிதானமா ரசிச்சுப் பாக்கணும்மா.”

“சரி சார். நான் சும்மா படிக்கலாம்னுதான் கேட்டேன்.”

புதன்கிழமை சாயங்காலம் அறிவிப்பு வெளியானது. ஊரில் ஒருவர்கூட அதைப் பெரிய திரையில் நிதானமாக ரசிக்கவில்லை. பேருந்தில் நின்றுகொண்டும், அடுப்பைப் பார்த்துக்கொண்டும், சாலையைக் கடக்கக் காத்திருந்தபடி வெயிலிலும், எல்லோரும் போனிலேயே பார்த்தார்கள்.

வியாழன் காலை ஜிகினா வந்தபோது நூலக வாசலில் கூட்டம். தெரு முனை வரை வரிசை. அவருடைய நெஞ்சு விம்மியது. ஒரே ஒரு அறிவிப்பு. எத்தனை பேர் நேரில் பார்த்துப் பாராட்ட வந்துவிட்டார்கள்! பிறகுதான் கைகளைக் கவனித்தார். துணிப்பை, காய்கறிக் கூடை, பள்ளிக்கூடப் பை, சக்கரம் வைத்த சூட்கேஸ். ஒரு பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, குழந்தையின் தள்ளுவண்டியில் புத்தகங்களை ஏற்றிவந்திருந்தார். உள்ளே ஏணியின் உச்சியில் நின்ற பெயின்டர், தூரிகையைத் தூக்கிப் பிடித்தபடி, “ஐயா, சுவரெல்லாம் ஈரம்! சாயாதீங்க!” என்று கத்திக்கொண்டிருந்தார். சாய்ந்தவர்கள் மூன்று பேர் முதுகில் வெளிர் நீலத்தோடு நின்றார்கள்.

வரிசையின் முதலில் நின்ற தபால்காரர் ஜிகினாவைப் பிடித்துக்கொண்டார். “ஏன் சார், பாதிதான் படிச்சிருக்கேன். கொலைகாரன் யாருன்னு இன்னும் தெரியல. இந்த வாரமே அவசியம் குடுத்தாகணும்னா எப்படி?”

“குடுத்தாகணும்னு யாருங்க சொன்னது?”

“நீங்கதான் சொன்னீங்க. மின்னுதே!” தபால்காரர் போனை நீட்டினார். “‘திருப்பித் தருவது அவசியம் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.’ ஜனங்ககிட்ட இருந்து பிடுங்கறதுல உங்களுக்கு என்ன சார் அப்படி ஒரு மகிழ்ச்சி?”

“அவசியம் இல்லைன்னு இருக்குய்யா! நடுவுல ‘இல்லை’ இருக்கு!”

“எங்க இருக்கு?”

ஜிகினா போனை வாங்கினார். வெயில். உள்ளங்கையைக் குவித்து மறைத்துக்கொண்டு பார்த்தார். சாய்த்துப் பார்த்தார். தான் பெற்ற பிள்ளையைக் கூட்டத்தில் தேடுகிறவர் போலத் தேடிக் கடைசியில் ஓர் இடத்தில் விரலை வைத்தார். “இதோ! இதோ பாருங்க!”

தபால்காரர் குனிந்து பார்த்தார். “அது என் போன்ல விழுந்த கீறல் சார். போன வருஷமே விழுந்தது.”

வரிசை முழுவதும் சிரித்தது. ஜிகினாவும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. அந்தக் கணத்தில்கூட அவர் மனம் ஒரு சமாதானத்தைத் தேடிப் பிடித்துவிட்டது. இவர்கள் அவசரக்காரர்கள், படிக்கத் தெரியாதவர்கள். வீட்டில் உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்தவர்களுக்கு நிச்சயம் புரிந்திருக்கும்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு குரல் வந்தது. “என்னங்க! கொஞ்சம் இந்தப் பையப் பிடிங்க, கை விட்டுப் போகுது.”

அவருடைய மனைவி.

பையில் நாலு புத்தகங்கள். மூன்று மனைவி எடுத்தவை. நாலாவது, தடிமனான அட்டையோடு, விளம்பரப் பலகை எழுதும் கலையைப் பற்றியது. பதினோரு வருடத்துக்கு முன்னால் ஜிகினா எடுத்து, வீட்டு அலமாரியில் துணிகளுக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தது.

“நீ எதுக்கு வந்தே?” என்றார் ஜிகினா.

“நீங்க போட்டதுதானே? வீட்டுல உக்காந்து பொறுமையா மூணு தடவை படிச்சேன். அவசியம்னு அப்படி மின்னும்போது நானே கொண்டுவரலைன்னா, வேற யாருங்க உங்க பேச்சை மதிப்பாங்க?”

ஜிகினாவுக்கு முதல் தடவையாகக் காது சரியாகக் கேட்டது. தபால்காரர் திட்டியபோது உறைக்காதது, மனைவி மதித்ததும் உறைத்தது. இருபத்தேழு வருடமாக அவர் முணுமுணுப்பதைக்கூட முழுசாகப் புரிந்துகொள்ளும் பெண்மணி. அவரே மூன்று தடவை படித்து, நேர்மாறாகப் புரிந்துகொண்டு, வெயிலில் பையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். கையில் சிவப்புத் தடம் விழுந்திருந்தது. ஜிகினா பையை வாங்கிக்கொண்டார். வெட்கமாக இருந்தது, உண்மையான வெட்கம்.

தலைமை நூலகர் படியிறங்கி வந்தார். பையிலிருந்து அந்தத் தடித்த புத்தகத்தை எடுத்து, உள்ளட்டையில் குத்தியிருந்த தேதியைப் பார்த்தார். ஜிகினாவைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

“பாஸ்வேர்டு என்ன சார்?”

ஜிகினா காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். கறுப்பு மையில் எழுதினார்.

அன்று மத்தியானத்துக்குள் பக்கம் பைண்டிங் அக்காவின் கைக்குப் போயிற்று. அவருடைய அறையில் அவருக்கே இடமில்லாததால், மாடிப்படியில் உட்கார்ந்து, ஒற்றை விரலால் போனில் தட்டினார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. முடித்ததும் ஜிகினாவிடமே கொண்டுவந்து நீட்டினார். குத்திக்காட்டுவதற்காக அல்ல, தன்னைவிட மூத்த ஊழியரிடம் காட்டாமல் போடுவது முறையில்லை என்று அவருக்குத் தோன்றியது.

வெள்ளையில் கறுப்பு எழுத்து.

புத்தகங்களைக் கொண்டுவர வேண்டாம். நூலகத்தில் வர்ணம் பூசுகிறார்கள். அடுத்த திங்கள் திறப்போம். அதன் கீழே, தொலைபேசி எண். நின்றுகொண்டிருந்தது.

“என்னம்மா இது, ஒண்ணுமே இல்லையே இதுல!” என்றார் ஜிகினா.

“படிச்சிட்டீங்களா சார்?”

“இதுல படிக்க என்ன இருக்கு? பாத்த உடனே படிச்சாச்சு.”

“அவ்வளவுதான் சார் வேணும்.”

  ஜிகினா அதை ரசிக்கவில்லை, வியக்கவில்லை, படிக்க வேண்டும் என்று நினைக்கக்கூட இல்லை. ஆனாலும் திங்கள்கிழமை திறப்பார்கள் என்பது அவர் மண்டைக்குள் போய் உட்கார்ந்திருந்தது. எப்போது போனது என்றே தெரியவில்லை. திருடன் மாதிரி நுழைந்துவிட்டதே என்று அவருக்கு எரிச்சலாகவும் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

மறுநாள் ஒருவரும் வரவில்லை. தொலைபேசி அடிக்கவில்லை. பெயின்டர் நிம்மதியாகச் சுவரைப் பார்த்தார். முதல்நாள் வந்து குவிந்த நானூற்றுச் சொச்சம் புத்தகங்களை மாடிப்படியில், ஒரு ஆள் ஏற வழி விட்டு அடுக்கினார்கள். அடுக்கும்போதுதான் தெரிந்தது, தொலைந்தே போய்விட்டன என்று எப்போதோ கைகழுவிய அறுபத்திரண்டு புத்தகங்கள் அதில் இருந்தன. ஒன்று பத்தொன்பது வருடம் கழித்து வந்திருந்தது. மின்னுகிற ‘அவசியம்’ ஊரின் மனசாட்சியை உலுக்கிவிட்டது போலும்.

“உங்களைத் திட்டறதா, நன்றி சொல்றதான்னே தெரியல சார்” என்று தலைமை நூலகர் சிரித்துவிட்டார்.

ஜிகினாவின் காது பழையபடி வேலை செய்யத் தொடங்கிவிட்டது. “பாராட்டுக்கு நன்றி மேடம்” என்றார். பிறகு மாடிப்படிக்குப் போய், தயங்கித் தயங்கி, “அம்மா, அந்த வண்ணத்துப்பூச்சியை மட்டும் ஒரு மூலையில...” என்று இழுத்தார்.

பைண்டிங் அக்கா கொஞ்சம் யோசித்தார். “சிறகடிக்காம சும்மா உக்காந்திருக்கும்னா வெக்கலாம் சார்.”

உட்கார்ந்திருக்கிறது. இப்போதும் போனால் பார்க்கலாம், இடது மூலையில், எந்த எழுத்தையும் மறைக்காமல்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. உங்களுக்கு இணையதளமே கிடையாது, அதனால் இந்தக் கதையில் உங்களுக்குப் பங்கில்லை என்றும் நினைக்கிறீர்கள். அப்படியானால் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். போனை எடுத்து, குடும்பக் குழுவுக்கு நேற்று நீங்கள் அனுப்பிய செய்தியைத் திறந்து பாருங்கள். ஏழு பூ, மூன்று கும்பிடு, தடித்த எழுத்தில் பாதி வாக்கியம், எட்டு ஆச்சரியக்குறி, நடுவே எங்கோ ஓர் இடத்தில் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டுமா வேண்டாமா என்கிற விவரம். அதன் கீழே உங்கள் அக்கா ‘சரி’ என்று மட்டும் பதில் போட்டிருக்கிறார். எதற்குச் சரி என்றார் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அவசியம்.